ஆசிட் ராப்: 4வது பாட்டு எங்கே? மிக்ஸ்டேப், சாம்பிள் அனுமதி, வரவேற்பு – விவாத இழை

கேசட்குமரன் | 3 ஜூலை 2019

சிகாகோ ராப் பாடகர் சான்ஸ் த ராப்பரோட 'ஆசிட் ராப்' ஜூன் 28 வெள்ளிக்கிழமை ஸ்ட்ரீமிங்குக்கு வந்தாச்சு. அவரோட முந்தின டேப் '10 டே'யும் கூடவே வந்திருக்கு. 2013 ஏப்ரல் 30ல இலவச டவுன்லோடா விட்ட மிக்ஸ்டேப் (சுருக்கமா டேப்), ஆறு வருஷம் கழிச்சுத்தான் ஆப்புக்குள்ள வருது. போட்டுக் கேட்டா 4வது இடத்துல 'ஜூஸ்' பாட்டே இல்ல. அந்த இடத்துல சுமார் 30 நொடி அவர் பேசுற பேச்சுதான் ஓடுது.

தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா எழுதுங்க:

இலவசமா விடும்போது வராத பிரச்சினை இப்ப ஏன் வந்துச்சு? 2வது டிராக் ஏழு நிமிஷத்துக்கு மேல ஓடுது, நடுவுல சத்தமே இல்லாம ஒரு இடைவெளி வருது, இது ஃபைல் கோளாறா? அப்புறம், 2013ல விமர்சகர்கள் இதை அவ்வளவு தூக்கிப் பிடிச்சாங்களே, பாட்டு நல்லா இருந்ததாலயா, இல்ல சிகாகோவோட அப்போதைய சூழ்நிலையாலயா?

---

காப்பிரைட்கதிர் | 3 ஜூலை 2019

முதல் கேள்விக்குப் பதில். 'ஜூஸ்' நிற்பது டானி ஹாத்தவே பாடிய 'ஜெலஸ் கை' பதிவின் மேல். இப்படிப் பழைய பதிவின் துண்டை எடுத்துப் புதுப் பாட்டில் பயன்படுத்துவதைத்தான் சாம்பிள் என்கிறோம். அது ஹாத்தவேயின் 1972 'லைவ்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, நியூயார்க் பிட்டர் எண்ட் கிளப்பில் மேடையில் பதிவானது. பாட்டை எழுதியவர் ஜான் லெனன், அவருடைய 1971 'இமாஜின்' ஆல்பத்துக்காக. ஆக ஒரே துண்டுக்கு இரண்டு உரிமைகள்: ஒலிப்பதிவின் உரிமை, அதாவது மாஸ்டர், ஒரு தரப்பிடம். வரிக்கும் மெட்டுக்குமான உரிமை, அதாவது பப்ளிஷிங், வேறு தரப்பிடம். இரண்டு பேரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஒருவர் மறுத்தாலும், பதில் போடாமல் இருந்தாலும் பாட்டு நின்றுவிடும்.

அனுமதி கேட்கும் முறை சுருக்கமாக:

எந்தப் பதிவின் எத்தனையாவது நொடியிலிருந்து எடுத்தோம், புதுப் பாட்டில் அது எத்தனை முறை சுழல்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மாஸ்டர் யாரிடம் என்பதை லேபிள் வழியாகவும், பப்ளிஷிங் யார் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை, பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் அமைப்புகளான ஆஸ்கேப், பிஎம்ஐ ஆகியவற்றின் தரவுத்தளங்களிலும் பார்க்கலாம். பிறகு மூலத் துண்டையும் புதுப் பாட்டையும் இரண்டு தரப்புக்கும் அனுப்ப வேண்டும். மாஸ்டர்காரர் பெரும்பாலும் முன்பணமும் ராயல்டியும் கேட்பார். பப்ளிஷர் புதுப் பாட்டின் எழுத்துரிமையிலேயே பங்கு கேட்பார். இதில் 'மோஸ்ட் ஃபேவர்ட் நேஷன்ஸ்' என்று ஒரு நிபந்தனை உண்டு. ஒருவருக்கு எவ்வளவு தருகிறீர்களோ அதற்குக் குறையாமல் மற்றவருக்கும் தர வேண்டும். ஒருவர் விலையை ஏற்றினால் மற்றவர் விலையும் தானாக ஏறிவிடும். லெனன் அளவுக்குப் பெரிய பெயர் பப்ளிஷிங் பக்கம் உட்கார்ந்திருந்தால் பேரம் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கவர் பாட்டுக்கு அமெரிக்கச் சட்டத்தில் கட்டாய உரிமம் உண்டு. நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டினால் போதும், யாரும் மறுக்க முடியாது. சாம்பிளுக்கு அப்படி எந்த வழியும் கிடையாது.

---

கேசட்குமரன் | 3 ஜூலை 2019

அப்ப 2013ல மட்டும் எப்படி? காசு வாங்காம குடுத்தா சட்டப்படி ஓகேவா?

---

காப்பிரைட்கதிர் | 3 ஜூலை 2019

இல்லை. இந்தத் தவறான எண்ணம்தான் எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது. காசு வாங்காவிட்டாலும் அது நகலெடுத்துப் பரப்புவதுதான். வழக்குப் போட்டு வாங்குவதற்குப் பெரிய தொகை இல்லை என்பதாலும், லேபிள்களே தங்கள் ஆட்களை வளர்க்க மிக்ஸ்டேப்பை நம்பியிருந்ததாலும் பலர் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். அனுமதி என்று எதுவும் இருந்ததில்லை.

இரண்டு உதாரணம் போதும். 2007 ஜனவரி 16 அன்று அட்லாண்டாவில் மிக்ஸ்டேப் தயாரிக்கும் டிஜே டிராமாவின் ஸ்டூடியோவுக்குள் காவல்துறை நுழைந்தது, கூடவே இசை நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ. அன்று அள்ளிப் போனது சுமார் 81,000 டிஸ்க். அவற்றில் இருந்த பாடகர்களின் லேபிள்கள் அதே மிக்ஸ்டேப்களால் லாபம் பார்த்தவை. அடுத்தது 2012. ராப் பாடகர் மேக் மில்லர் 2010ல் இலவசமாக விட்ட டேப்பில், இசைத் தயாரிப்பாளர் லார்ட் ஃபினெஸின் பீட்டை (பின்னணி இசையை) அப்படியே வைத்துப் பாடியிருந்தார். ஃபினெஸ் 1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பிரதிவாதிகளில் அந்த மாதிரி இலவச மிக்ஸ்டேப்களை டவுன்லோடுக்குத் தந்த டேட்பிஃப் தளமும் உண்டு. கடைசியில் சமரசமாக முடிந்தது. 'இலவசம்தானே' என்ற வாதம் அவர்களை வழக்கிலிருந்து காப்பாற்றவில்லை.

ஸ்ட்ரீமிங்கில் கதை வேறு. பாட்டை ஏற்றும்போதே, அதை ஆப்புகளுக்கு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் 'எல்லா உரிமையும் என்னிடம் இருக்கிறது' என்று உறுதி எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு பிளேக்கும் காசு வருகிறது, கணக்கு எழுதப்படுகிறது. கண்டுகொள்ளாமல் விட யாருக்கும் காரணம் இல்லை.

---

வடசென்னை வினைல் | 4 ஜூலை 2019

குமரன், அந்த 30 நொடி பேச்சை ஸ்கிப் பண்ணாதீங்க. அந்த டிராக்ல வர்ற ஸ்ட்ரீமிங் காசு 'சோஷியல்வொர்க்ஸ்'க்குப் போகும்னு அதுலயே சொல்றார். அது சிகாகோ பிள்ளைங்களுக்காக 2016ல அவர் தொடங்கின அமைப்பு. ஸ்பாட்டிஃபைல ஒரு பிளே கணக்குல ஏறணும்னா குறைஞ்சது 30 நொடி ஓடணும். 25வது நொடியில தள்ளிவிட்டா அது பிளேயே இல்ல. முழுசா ஓடவிடுங்க.

2வது டிராக் ஃபைல் கோளாறு கிடையாது. 'புஷா மேன்' ரெண்டேகால் நிமிஷம் தாண்டி முடிஞ்சிடும். அப்புறம் சுமார் அரை நிமிஷம் மௌனம். அதுக்கப்புறம் 'பாரனோயா'. 2013ல இலவசமா விட்ட ஜிப் ஃபைல்லயும் இப்படித்தான் இருந்துச்சு, டிராக் பட்டியல்ல 'பாரனோயா' பேரே கிடையாது. சிடி காலத்து ஹிட்டன் டிராக் பழக்கம்.

---

ரிதம்பாக்ஸ் | 4 ஜூலை 2019

மூணாவது கேள்விதான் இந்த இழையின் உயிர். கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

2012ல சிகாகோன்னா வெளியுலகத்துக்கு ரெண்டே விஷயம்: ஒரு வருஷத்துல 500ஐத் தாண்டின கொலைகள், அப்புறம் ராப்பர் சீஃப் கீஃப் வெளியே கொண்டுவந்த ட்ரில்ங்கிற ராப் வகை. மெதுவான டெம்போ, கனமான 808 டிரம் மெஷின் அடி, ஒரே ஸ்தாயியில உணர்ச்சி காட்டாத குரல். அதே ஊர்லேர்ந்து அடுத்த வருஷம் ஒருத்தர் காஸ்பல் கோரஸ், டிரம்பெட், கீச்சுக் குரல்னு வந்து நிக்கிறார். விமர்சகர்களுக்கு இது கட்டுரை எழுத வசதியா அமைஞ்சுது: 'ட்ரில்லுக்கு மாற்று', 'நல்ல பிள்ளை'. விமர்சன மார்க்கைத் தொகுக்கிற மெட்டாகிரிட்டிக்ல 100க்கு 86, இசை விமர்சனத் தளம் பிட்ச்ஃபோர்க்ல 10க்கு 8.4. ஒரு இலவச டேப்புக்கு அன்னைக்கு இது ரொம்பப் பெரிய மார்க்.

ஆனா இந்த 'நல்ல பிள்ளை' பட்டம் டேப்பை ஒழுங்காக் கேட்காதவங்க குடுத்தது. 'பாரனோயா'வுல அவர் சொல்றது ட்ரில் பையன்கள் சொன்ன அதே பயம். வெயில் காலம் வந்தா சாவு கூடும், டிவிக்காரங்க யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதில்ல. இதை மேளதாளத்தோட முதல் பாட்டா வைக்காம, ஒரு குஷியான பாட்டு முடிஞ்சதும் அரை நிமிஷ மௌனத்துக்குப் பின்னாடி பேரில்லாம வச்சிருக்கார். ஸ்கிப் பண்றவனுக்கு அது கிடைக்காது. என்னைக் கேட்டா டேப்போட முதுகெலும்பே அந்த மௌனம்தான். தயாரிப்பாளர் நோசாஜ் திங் போட்ட பீட்டையும் கவனிங்க, டிரம்ஸ் முன்னாடி வந்து அடிக்காது, சிந்தசைசர் தூரத்துல மிதக்கும். முன்பாதியில இருந்த வெளிச்சம் அந்த இடத்துல முழுசா அணைஞ்சிடும்.

இசைப் பக்கமும் தனியாச் சொல்லணும். முதல் பாட்டு கோரஸோட ஆரம்பிச்சு, போகப்போக ஜூக் தாளத்துக்கு ஏறும். ஜூக், ஃபுட்வொர்க் ரெண்டும் சிகாகோவோட சொந்த நடன இசை, வேகம் 160 பிபிஎம் (நிமிஷத்துக்கு 160 தட்டு) பக்கம். அந்த வேகத்துல ராப் பாடுறவங்க பெரும்பாலும் பாதி வேகத்துல, 80 மாதிரி எண்ணி உட்காருவாங்க. அவர் ரெண்டுக்கும் நடுவுல மாறி மாறிப் போறார், மூச்சு எங்க வாங்குறார்னே தெரியாது. 'கோகோ பட்டர் கிஸ்ஸஸ்'ல ட்விஸ்டாவைக் கூப்பிட்டது வெறும் பெரிய பேருக்காக இல்ல. வேக ராப்புக்கு சிகாகோவுல முன்னோடி அவர். ஊரோட ரெண்டு தலைமுறையும் ஒரே பாட்டுல உட்கார்ந்திருக்கு. சிகாகோ ராப்பர்கள் நோநேம், சபா, விக் மென்சா மூணு பேரையும் பரவலா ஆளுங்க முதல்ல கேட்டது இந்த டேப்லதான்.

---

கேசட்குமரன் | 4 ஜூலை 2019

ரிதம்பாக்ஸ், ஒத்துக்கிறேன், ஆனா ஒண்ணு. ஆல்பமாவே இருக்கிற ஒண்ணை ஏன் மிக்ஸ்டேப்னு சொல்லணும்? வேற ஆளு பீட்டுல பாடுறதுதானே மிக்ஸ்டேப்?

---

ரிதம்பாக்ஸ் | 4 ஜூலை 2019

2000கள்ல அப்படித்தான். 50 சென்ட், லில் வெய்ன் எல்லாம் அடுத்தவங்க ஹிட் பீட்டை எடுத்துப் பாடி, நடுவுல டிஜே கத்துவார். 2009ல டிரேக்கோட 'சோ ஃபார் கான்' வந்ததுக்கப்புறம் அந்தக் கோடு அழிஞ்சுபோச்சு. சொந்தப் பாட்டு, முழு மிக்ஸிங், அட்டைப்படம், எல்லாம் ஆல்பம் தரத்துல. 'ஆசிட் ராப்' அந்த வழியில வந்தது. பிராண்டன் ப்ரோ வரைஞ்ச அட்டை, 13 டிராக், கடைசிப் பாட்டு அப்பாவோட போன் பேச்சுல ஆரம்பிச்சு முதல் பாட்டோட பல்லவிக்குத் திரும்பி வரும். கட்டமைப்பு பக்கா ஆல்பம். மிக்ஸ்டேப்ங்கிற பேரு ரெண்டு விஷயத்தை மட்டும் சொல்லுது: விலை இல்ல, லேபிள் இல்ல.

---

காப்பிரைட்கதிர் | 5 ஜூலை 2019

மூன்றாவதாக ஒன்றும் சொல்லுகிறது: சாம்பிளுக்கு அனுமதி வாங்கவில்லை.

'எவ்ரிபடிஸ் சம்திங்' பாட்டையும் பாருங்கள். அதில் இருப்பது ஸ்லம் வில்லேஜ் என்ற ராப் குழுவின் 'ஃபால் இன் லவ்'. அதுவோ கேப் மாஞ்சியோனியின் 1968 பதிவிலிருந்து எடுத்தது. சாம்பிளுக்குள் சாம்பிள். இந்த மாதிரி இடத்தில் மேல் அடுக்கின் உரிமையாளர் மட்டும் சரி என்றால் போதாது, அடியில் இருப்பவரையும் கேட்க வேண்டும். இப்படிப்பட்ட டேப் ஒன்றைப் பின்னாளில் கடைக்குக் கொண்டுவர ஆறு ஆண்டு ஆவதில் வியப்பு இல்லை.

சிலர் 'ஜூஸ்' பாட்டை வேறு வாத்தியக்காரர்களை வைத்து மறுபடி வாசித்து ஏற்றலாமே என்கிறார்கள். வாசித்தால் மாஸ்டர் அனுமதி தேவைப்படாது, பப்ளிஷிங் அனுமதி மட்டும் போதும். நடைமுறையில் பலர் செய்வதுதான். ஆனால் ஹாத்தவேயின் அந்தப் பியானோ தொடுகை, கிளப்பின் அறைச் சத்தம் இரண்டும் போய்விடும். ஹாத்தவே பிறந்ததும் சிகாகோவில் என்பதை நினைத்தால், அந்தக் குரலை எடுத்துவிட்டு அந்தப் பாட்டை வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காலியாக விட்டு, ஏன் காலி என்று வாய்விட்டுச் சொன்னது நேர்மையான முடிவு.

---

யாழ்பீட் | 5 ஜூலை 2019

கதிர் அண்ணை சொன்ன சாம்பிள் சிக்கலுக்கு எங்கட பக்கத்திலயே ஒரு உதாரணம் இருக்கு. எம்.ஐ.ஏ. எண்ட பேரில பாடுற மாயா அருள்பிரகாசத்தின்ர முதல் ஆல்பம் 'அருளர்' 2004 முடியிறதுக்குள்ள வரவேண்டியது. சாம்பிள் அனுமதி இழுபட்டதும் சேர்ந்து 2005க்குத் தள்ளிப் போச்சுது. அந்த இடைவெளியிலதான் டிஜே டிப்ளோவோட சேர்ந்து 2004 கடைசியில 'பைரசி ஃபண்ட்ஸ் டெரரிசம்' மிக்ஸ்டேப்பை விட்டவ. 'அருளர்' பாட்டுகளின்ர குரலை மட்டும் எடுத்து, மற்றவையின்ர ஹிட் பாட்டுகளுக்கு மேல ஒட்டினது. அதுக்கும் ஒரு அனுமதியும் இல்லை, கையில கையில குடுத்தே பரவினது. ஆல்பம் வெளிவர முதலே ஆளின்ர பேர் அடிபட்டது அதாலதான்.

வித்தியாசம் என்னெண்டா, அவவுக்கு மிக்ஸ்டேப் ஆல்பத்துக்கான விளம்பரம். சான்ஸுக்கு மிக்ஸ்டேப்தான் சாமான், காசு வந்தது கச்சேரியாலயும் டீசர்ட்டாலயும். அதால பிறகு அதை ஒழுங்கான கடைக்குக் கொண்டுவர வேண்டிய தேவை இவருக்குத்தான் வந்தது.

---

வடசென்னை வினைல் | 5 ஜூலை 2019

யாழ்பீட் சொன்னது சரி. இலவசமா விட்டதுல வந்த இன்னொரு வினை, திருட்டுப் பதிப்பு. 2013 ஜூலைல அமெரிக்க இசைப் பத்திரிகை பில்போர்டோட ஆர்&பி/ஹிப் ஹாப் ஆல்பம் பட்டியல்ல 'ஆசிட் ராப்' 63வது இடத்துல வந்துச்சு. விற்பனைக்கே வராத டேப் எப்படி வந்துச்சு? யாரோ சம்பந்தமில்லாத ஆளு அதை ஐட்யூன்ஸ், அமேசான்ல ஏத்தி வித்திருக்கான். ரசிகர்கள் அசல்னு நினைச்சுக் காசு குடுத்திருக்காங்க. அதுல ஒரு காசு சான்ஸுக்குப் போகல.

அதனால பழைய சிடி, வினைல் வாங்குறவங்க கவனமா இருங்க. 2019க்கு முன்னாடி தேதி போட்ட எந்த வினைலும் அதிகாரப்பூர்வம் இல்லன்னே வச்சுக்கோங்க. இசைப் பதிவுகளைப் பட்டியல் போடுற டிஸ்காக்ஸ் தளத்துல 'அன்அஃபிஷியல்'னு குறி இருக்கான்னு பாருங்க. சிடியோட அடிப்பக்கம் நீலமோ பச்சையோ சாயம் அடிச்சா அது வீட்டுல எழுதின சிடி-ஆர், அச்சடிச்ச சிடி வெள்ளி நிறத்துல இருக்கும். நடு வளையத்துல ஐஎஃப்பிஐ (சர்வதேச இசை நிறுவனங்களின் சங்கம்) குறியீடு இருக்கான்னும் பாருங்க, இல்லன்னா சந்தேகப்படலாம்.

ஃபைல் வச்சிருக்கவங்களுக்கும் ஒண்ணு. '320' (நொடிக்கு 320 கிலோபிட், பெரிய எண்ணா இருந்தா தரம் கூட) னு பேர் போட்ட ஃபைல் உண்மையிலேயே 320ஆன்னு ஸ்பெக் மென்பொருள்ல திறந்து பாருங்க. உண்மையான 320 எம்பி3ல சத்தம் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரை போகும். 16 கிலோஹெர்ட்ஸ்ல கத்தியால வெட்டின மாதிரி நின்னா, 128ஐ எடுத்து 320ஆ ஊதியிருக்காங்க. அளவு பெருசாகும், தரம் 128தான்.

---

நெறியாளர் | 5 ஜூலை 2019

தனிமடலில் 'ஜூஸ்' ஃபைல் கேட்டும், டவுன்லோடு இணைப்பு பகிர்ந்தும் புகார்கள் வந்துள்ளன. இந்த இழையில் இணைப்புகள் வேண்டாம். பாட்டின் வீடியோ 2013லிருந்தே அவருடைய யூட்யூப் பக்கத்தில் இருக்கிறது, அதைப் பாருங்கள்.

---

கேசட்குமரன் | 6 ஜூலை 2019

சரி, இலவசமா விட்டு அவருக்கு என்ன கிடைச்சுது? பேரு மட்டும்தானா?

---

ரிதம்பாக்ஸ் | 6 ஜூலை 2019

டேட்பிஃப்ல 10 லட்சம் டவுன்லோடு தாண்டினா 'டைமண்ட்'னு பட்டம் குடுத்தாங்க. அதை இந்த டேப் தாண்டிடுச்சு. ஆனா அந்த எண்ணிக்கை பில்போர்டுக்கும் தெரியாது, கிராமிக்கும் தெரியாது. அன்னைக்கு ரெண்டு பேருக்கும் விற்பனைதான் கணக்கு. அதனாலதான் அடுத்த டேப் 'கலரிங் புக்' 2016 மே மாசம் வந்தப்போ நடந்தது முக்கியம். விற்பனையே இல்ல, ஆப்பிள் மியூசிக்ல மட்டும் ஸ்ட்ரீமிங். முதல் வாரம் 5.73 கோடி பிளே. பில்போர்டு விதிப்படி அப்ப 1,500 பிளே சேர்ந்தா ஒரு ஆல்பம் வித்த கணக்கு. வகுத்துப் பாருங்க, 38,000 சொச்சம் வரும். அதை வச்சு பில்போர்டு 200 ஆல்பம் பட்டியல்ல 8வது இடம். ஸ்ட்ரீமிங்கால மட்டுமே அந்தப் பட்டியல்ல ஏறின முதல் ஆல்பம் அதுதான். அடுத்த மாசமே ஸ்ட்ரீமிங்ல மட்டும் வந்த இசையும் போட்டியிடலாம்னு கிராமி விதியை மாத்தினாங்க. 2017 பிப்ரவரியில மூணு கிராமி, அதுல ஒண்ணு சிறந்த ராப் ஆல்பம்.

விருது வாங்கினது 'கலரிங் புக்'. ஆனா 'ஆசிட் ராப்' சேர்த்து வச்ச கூட்டம் இல்லாம அந்த முதல் வாரம் நடந்திருக்காது. எந்த லேபிளும் இல்லாத ஆளுக்கு ரெண்டு வாரப் பிரத்யேக உரிமைக்காக ஆப்பிள் 5 லட்சம் டாலர் குடுத்தாங்கன்னு 2017ல அவரே வெளியில சொன்னார். இலவச டேப்போட விலை அங்கதான் திரும்பி வந்துச்சு.

ரெண்டையும் பக்கத்துல வச்சா எனக்கு இன்னமும் 'ஆசிட் ராப்'தான் மேல. 'கலரிங் புக்'ல விடை தெரிஞ்சவரா பாடுறார். இதுல 20 வயசுப் பையன், சந்தோஷத்தையும் பயத்தையும் ஒரே மூச்சுல பாடுறார், ரெண்டுல எதையும் விட்டுக் குடுக்கல.

---

யாழ்பீட் | 6 ஜூலை 2019

'கலரிங் புக்'கை இவ்வளவு கீழ இறக்கத் தேவையில்லை. கோரஸ் எழுதின விதத்தில அது எத்தினையோ படி முன்னுக்கு. ஆனா 'ஆசிட் ராப்'ல வாற 'ஆசிட் ரெயின்' மாதிரி ஒரு பாட்டு அதில இல்லை எண்டுறதை ஒத்துக்கொள்ளுறன்.

---

கேசட்குமரன் | 7 ஜூலை 2019

கடைசியா ஒரு நடைமுறை உதவி. 2013 ஜிப் ஏற்கெனவே கம்ப்யூட்டர்ல இருக்கு. 'பாரனோயா'வைத் தனி டிராக்கா வெட்டணும். ஆடாசிட்டியில வெட்டி எக்ஸ்போர்ட் பண்ணினா போதுமா? இன்னொண்ணு, போன்ல போட்டா ஒரே ஆல்பம் ஏழெட்டு ஆல்பமா உடைஞ்சு தெரியுது.

---

வடசென்னை வினைல் | 7 ஜூலை 2019

ஆடாசிட்டி வேண்டாம். அது எம்பி3யைப் பிரிச்சு, திரும்ப எம்பி3யா அமுக்கும். ரெண்டாவது தடவை அமுக்கும்போது தரம் போகும், சிம்பல் சத்தத்துல தெரியும். எம்பி3டைரக்ட்கட் போதும், ஃபைலைப் பிரிக்காமலே வெட்டும். எம்பி3 ஃபைல் ஃபிரேம்ங்கிற சின்னச் சின்னத் துண்டா இருக்கும்; ஒரு ஃபிரேம் 1,152 சாம்பிள் (இங்க ஒலியோட அளவுப் புள்ளி), 44.1 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 26 மில்லிநொடி. அந்த எல்லையிலதான் வெட்டு விழும். ஒவ்வொரு ஃபிரேமும் முந்தின ஃபிரேம்ல மிச்சமிருக்கிற இடத்தைக் கடன் வாங்கும், அதனால இசை ஓடிட்டு இருக்கிற இடத்துல வெட்டினா ஆரம்பத்துல 'டிக்'னு ஒரு சத்தம் வரும். இங்க அரை நிமிஷ மௌனம் இருக்கிறதால அந்தக் கவலை இல்ல. 'பாரனோயா' தொடங்க ரெண்டு நொடி இருக்கும்போது வெட்டுங்க. மிச்ச மௌனத்தை 'புஷா மேன்' வாலோடவே விட்டுடுங்க. வெட்டினதுக்கப்புறமும் வரிசையாக் கேட்டா பழைய மாதிரியே இருக்கும், ரிதம்பாக்ஸ் சொன்ன அந்த இடைவெளியும் கெடாது. மூல ஃபைலை அழிக்காதீங்க.

ஆல்பம் உடையறதுக்குக் காரணம் டேக், அதாவது ஃபைலுக்குள்ள இருக்கிற பாட்டு விவரம். ஆர்ட்டிஸ்ட் இடத்துல ஒவ்வொரு பாட்டுக்கும் கூடப் பாடினவங்க பேரும் சேர்ந்திருக்கும், போன் ஒவ்வொண்ணையும் வேற ஆல்பமா எடுத்துக்கும். எம்பி3டேக்ல எல்லாத்தையும் தேர்வு பண்ணி 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' இடத்துல சான்ஸ் த ராப்பர்னு மட்டும் போடுங்க, விருந்தினர் பேரை பாட்டுத் தலைப்புக்கு மாத்துங்க. டேக்கை ஐடி3வி2.3ங்கிற வடிவத்துல சேவ் பண்ணுங்க, பழைய கார் பிளேயர்ல 2.4 படிக்காது. 'பாரனோயா'வுக்கு நம்பர் 3 குடுத்தா 'கோகோ பட்டர் கிஸ்ஸஸ்'லேர்ந்து எல்லாத்தையும் ஒண்ணொண்ணாத் தள்ளி மொத்தம் 14 ஆக்கணும். எம்பி3டேக்ல ஆட்டோ நம்பரிங் இருக்கு, ஒரே கிளிக்.

ஜிப்பையும் ஸ்ட்ரீமிங்கையும் ஒப்பிடுறதா இருந்தா ரெண்டோட சத்த அளவையும் முதல்ல சமமாக்கிடுங்க. ஸ்பாட்டிஃபை -14 எல்யுஎஃப்எஸ்க்கு (சத்தத்தை அளக்குற அலகு) இறக்கித்தான் ஓட்டும், உங்க ஜிப் இறக்காம ஓடும். சத்தமா இருக்கிறதுதான் காதுக்கு நல்லாத் தோணும்.

---

கேசட்குமரன் | 7 ஜூலை 2019

எம்பி3டைரக்ட்கட்ல வெட்டியாச்சு, டிக் சத்தம் இல்ல. ஆல்பமும் ஒண்ணாச் சேர்ந்துடுச்சு. 'ஜூஸ்' இப்ப 5வது இடத்துல. நன்றி எல்லாருக்கும். 'ஜூஸ்'க்கு அனுமதி கிடைச்ச செய்தி யாராவது பார்த்தா இதே இழையில போடுங்க.